தலைவருக்கு ஓர் எதிரி வேண்டியிருந்தது

கல்லூரியில் அரசியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த காலத்தில் ஒரு மாணவி கேட்டாள். "தேர்தலே வைக்காத சில அரசாங்கங்களுக்கு, தேர்தல் வைக்கிற நாடுகளைக் கண்டா ஏன் சார் ஆகறதில்ல? அவங்க இவங்களை ஒண்ணும் பண்ணலையே?"

பாடப்புத்தகத்தில் பதில் இருந்தது. கொள்கை வேறுபாடு, எல்லைப் பாதுகாப்பு, பழைய பகை என்று பக்கம் பக்கமாக இருந்தது. அதைத்தான் சொன்னேன். ஆனால் சொல்லும்போது மனசில் நின்றவர் வேறு ஆள். முழங்கால் வரை மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் பச்சைத் துண்டு, வாயில் வேப்பங்குச்சி. எங்கள் பால் சொசைட்டித் தலைவர்.

எழுபதுகளின் நடுவில் பி.ஏ. முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தேன். மீனாட்சிபுரம் பக்கத்தில், கேரள எல்லையோரத்து ஊர் ஒன்றில், பால் வாங்கி அளந்து லாக்டோமீட்டர் போட்டுப் பார்க்க ஆள் கேட்டார்கள். போய்ச் சேர்ந்தேன். முதல் நாளே தலைவர் என் பெயரை மாற்றிவிட்டார்.

"ஏனப்பா பி.ஏ., பால்ல தண்ணி இருந்தா மீட்டரு காட்டும். மனுசன்கிட்ட இருந்தா காட்டுமா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது. ஆனால் சொன்ன விதத்தில் ஒரு கனம் இருந்தது. அவர் எதைச் சொன்னாலும் அப்படித்தான் சொல்வார். "இன்னிக்கு வெயில் எச்சுங்க" என்று சொன்னால்கூட, வெயிலைத் தான் விசாரித்துவிட்டு வந்த மாதிரி இருக்கும்.

நல்ல மனிதர். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். சொசைட்டி என்று ஒன்று வந்ததே அவரால்தான். தன் மாட்டுச்சாளையின் முன்பாதியை அதற்கு ஒழித்துக் கொடுத்தார். பால் வண்டி வராத ஆரம்ப நாட்களில் தன் மாட்டு வண்டியில் கேன்களை ஏற்றிச் சித்தூர் வரை ஓட்டிப் போனார். ஊரில் எந்த மாடு கன்று போடச் சிரமப்பட்டாலும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் நிற்பார். இப்படி எல்லாவற்றையும் அவரே செய்ததால் தலைவர் நாற்காலியிலும் அவரே உட்கார்ந்தார். யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. இருந்ததே ஒரு நாற்காலி. நானெல்லாம் கவிழ்த்து வைத்த கேன் மேல்தான் உட்கார்வேன்.

அவருக்கு வெளிநாட்டுச் செய்தி என்றால் உயிர். சாயங்காலப் பால் வாங்கி முடித்ததும் ரேடியோவைத் திருப்புவார். தமிழில் ஒருமுறை கேட்பார், மலையாளத்தில் ஒருமுறை கேட்பார், ரெண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்வார். ஒரே தலைவர் காலமெல்லாம் ஆளும் நாடுகள் மேல் அவருக்குத் தனிப் பிரியம்.

"இங்க பாரு பி.ஏ., அந்த நாட்ல நாங்க சின்னப் பசங்களா இருக்கறப்ப இருந்த ஆளு இன்னும் இருக்கறான். என்ன நிம்மதி. இந்தாண்ட நாட்ல பாரு, நாலு வருசத்துக்கொருக்கா ஆள மாத்தறானுக. தெனமும் கறக்கற ஆள மாத்துனா மாடு பால் குடுக்குமா?"

"மாட்டுக்கு ஓட்டு இல்லீங்களே தலைவரே" என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். அன்றைக்கு எனக்கு டீ வரவில்லை.

எங்கள் ஊருக்குக் கிழக்கே ஓர் ஓடை. இக்கட்டால கேரளம், அக்கட்டால தமிழ்நாடு. இரண்டு பனமரத்தை வெட்டிப் போட்ட பாலம்தான் குறுக்கே. இரண்டு பக்கமும் ஒரே பேச்சு, பெண் கொடுத்து எடுத்த உறவு. தலைவரின் தங்கை மாராத்தாளைக்கூட அக்கட்டாலதான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அங்கேயும் ஒரு பால் சொசைட்டி இருந்தது. நான் வந்த புதிதில் தலைவர் வாரம் ஒருமுறை பாலத்தைத் தாண்டிப் போவார், அங்கே இருந்த தலைவரோடு சீட்டாடுவார், சாப்பிட்டுவிட்டு வருவார். எங்கள் ஊரில் பொலிகாளை இல்லை. பருவத்துக்குக் கத்தும் மாடுகளை அங்கே ஓட்டிப்போய்த்தான் சேர்த்து வருவோம். பகை என்ற பேச்சே கிடையாது.

கெடுத்தது ஒரு காதுகுத்து.

மாராத்தாள் வீட்டுக் காதுகுத்துக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் கூட்டமாகப் போனார்கள். அன்றைக்கு அந்த ஊரில் சொசைட்டி பொதுக்கூட்டமும் இருந்திருக்கிறது. பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டே வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். புளியமரத்தடியில் சனம் உட்கார்ந்து, "பருத்திக்கொட்டை ஏன் குறைஞ்சுது", "போன மாசம் கேன் ஏன் ஓட்டையாச்சு" என்று தங்கள் தலைவரை எழுப்பி நிற்க வைத்துக் கேட்டதாம். பிறகு புதுத் தலைவருக்குக் கை தூக்கச் சொன்னார்களாம். இரண்டு ஆண்பிள்ளைகள் எனக்கு உனக்கு என்று மல்லுக்கு நின்றதில் சனம் சலித்துப்போய், சும்மா உட்கார்ந்திருந்த மாராத்தாளுக்குக் கை தூக்கிவிட்டது. அதைவிட எங்கள் பெண்களை அசத்தியது, தோற்றுப்போன பழைய தலைவர் கோபித்துக்கொண்டு போகாமல், பாயசம் பரிமாறியதுதான்.

திரும்பி வந்த மறுநாள், பால் ஊற்ற வந்த இடத்தில் ஒருத்தி சாதாரணமாகக் கேட்டாள். "ஏனுங்க தலைவரே, நம்மூர்ல எப்பங்க கை தூக்கறது?"

கிண்டல் இல்லை, குற்றம் இல்லை. பொங்கல் எப்போது என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். தலைவர் வாயிலிருந்த வேப்பங்குச்சியை எடுத்தார். ஓடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"டெல்லியிலேயே எலெக்சனைத் தள்ளி வெச்சிருக்குது. நமக்கென்ன அவசரம்?" என்றார். நெருக்கடி நிலைக் காலம் அது.

அன்று சாயங்காலமே அக்கட்டால மாடுகளுக்குக் கோமாரி வந்திருப்பதாக அறிவித்தார். யார் சொன்னது என்று கேட்டேன். "வரப்போகுது" என்றார். ஓடையைத் தாண்டி மாடு போகக்கூடாது, மாடு வரக்கூடாது, மாடு வைத்திருக்கிற மனுசனும் முடிந்தவரை போகக்கூடாது. பாலத்தின் இந்த முனையில் ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்டி, பொன்னான் என்பவரைக் காவலுக்குப் போட்டார். கையில் ஒரு விசில். பொன்னானுக்கு மாமியார் வீடு அக்கட்டால. மத்தியானம் விசிலை மூங்கிலில் மாட்டிவிட்டு அங்கே போய்ச் சோறுண்டுவிட்டு வருவார். அந்த நேரத்தில் பாலத்தைக் காவல் காத்தது விசில்தான்.

தினமும் ஒரு செய்தி வரும். அவர்கள் பாலில் ஓடைத் தண்ணீரைக் கலக்கிறார்கள். அவர்கள் நம் மாடுகள் மேல் கண்ணு வைக்கிறார்கள். நம் பக்கம் புண்ணாக்கு குறைந்ததற்கும் கறவை குறைந்ததற்கும் அவர்கள்தான் காரணம். ஒருமுறை எடை போடும் தராசு பழுதானது. அதை நான்தான் கீழே போட்டேன். "பி.ஏ., நீ போடல. போட வெச்சிருக்கறாங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

இதில் மாடுகள் மட்டும் ஒத்துழைக்கவில்லை. பருவத்துக்கு வந்த மாட்டுக்கு எல்லை தெரியவில்லை. முதலில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடையில் இறங்கி அக்கட்டால போனது தலைவர் வீட்டுச் செவலைதான். பொன்னான் விசில் ஊதிக்கொண்டே பின்னால் ஓடினார். செவலை போன காரியத்தை முடித்துக்கொண்டு, நிதானமாக மேய்ந்தபடி திரும்பி வந்தது. தலைவர் அதன் முகத்தைப் பார்க்காமல் இரண்டு நாள் தீனி வைத்தார்.

பிறகு ஒலிபெருக்கி வந்தது. பூவரச மரத்தில், வாய் அக்கட்டால பார்த்தபடி கட்டினார்கள். காலையில் தலைவரே பேசுவார். நம் பாலின் கொழுப்பு, நம் மக்களின் ஒற்றுமை, அக்கட்டால நடக்கும் குழப்பம். "வருசம் ஒரு தலைவரு. யாரு சொல்றதை யாரு கேக்கறது? சந்தைக்கடையாட்டம் கெடக்குது அங்க" என்று முழங்குவார். அங்கேயிருந்து பதிலே வராது. அதுதான் அவரைத் தின்றது. கடைசியில் பொன்னானிடம் காரமான கண்டனம் ஒன்றைச் சொல்லி அனுப்பினார். பொன்னான் சோறுண்ணப் போன இடத்தில் ஒப்பித்துவிட்டு வந்தார்.

"என்ன சொன்னாங்க?" என்றார் தலைவர் ஆவலாக.

"கூட்டம் போட்டாங்க தலைவரே. நம்ம மேல கோவப்படலாமா வேண்டாமான்னு கை தூக்கச் சொன்னாங்க."

"ம்."

"கோவத்துக்குக் கை போதலீங்க. பாதிப் பேரு கறவைக்கு நேரமாச்சுன்னு போயிட்டாங்க."

தலைவர் இடிந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் மனைவியை நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். மோர் கொண்டுவந்து வைத்த அக்கா, அவருக்குக் கேட்கிற மாதிரியே என்னிடம் சொன்னார். "அவங்க தடி எடுத்துட்டு வந்தா இவரு நல்லாத் தூங்குவாரு தம்பி. சும்மா இருக்கறாங்கல்ல, அதான் தூக்கம் வரமாட்டீங்குது."

தங்கை விஷயம் தனி. பகை தொடங்கியபின் மாராத்தாள் எங்கள் பக்கம் வரவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் ஓடையின் அந்தக் கரையில் வந்து நிற்பார். இவர் இந்தக் கரையில் நிற்பார். "அண்ணா, காலு வீக்கம் தேவலைங்களா?" என்று அங்கிருந்து சத்தம் வரும். "தேவலை. நீ வெயில்ல நிக்காத" என்று இங்கிருந்து போகும். பேசி முடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "அக்கட்டால தலைவி நம்மள நோட்டம் பார்க்க வந்துட்டுப் போறா" என்று ஒலிபெருக்கியில் சொல்வார்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சித்திரையில் சிரிப்பு நின்றது.

எங்கள் பாலை ஏற்றிப்போகும் வண்டி வழியில் அச்சு முறிந்து படுத்துவிட்டது. சரிசெய்ய இரண்டு நாளாவது ஆகும் என்று ஆள் வந்து சொன்னான். காலைப் பால் கேன் கேனாக நிற்கிறது. கொளுத்துகிற வெயில். மத்தியானத்துக்குள் திரிந்துவிடும். ஊரில் பாதி வீடுகளுக்கு அந்தப் பால்தான் அடுப்பெரியும் வழி. அப்போது பாலத்தின் அந்த முனையில் மாராத்தாள் வந்து நின்று பொன்னானிடம் சொல்லி அனுப்பினார். தங்கள் வண்டி பொள்ளாச்சிக்குக் கிளம்பப் போகிறது, இடம் இருக்கிறது, கேன்களைக் கொண்டு வந்தால் சேர்த்து ஏற்றிவிடலாம் என்று.

"வெளிநாட்டு உதவி" என்றார் தலைவர். "இன்னிக்குப் பாலை ஏத்துவாங்க. நாளைக்கு நம்மளை ஏத்துவாங்க. வேண்டாம்னு சொல்லு."

"பால் கெட்டுப்போகுமுங்களே" என்றேன்.

"கெடாது. பாயசம் காச்சு."

காய்ச்சினோம். கோயில் அண்டாவைக் கொண்டுவந்து, ஊரிலிருந்த வெல்லத்தையெல்லாம் வாங்கிக் கொட்டிக் காய்ச்சினோம். தலைவர் ஒலிபெருக்கியில் அதை வெற்றி விழா என்று அறிவித்தார். என்ன வெற்றி என்று சொல்லவில்லை. சனம் முதல் டம்ளரைச் சந்தோஷமாகக் குடித்தது. இரண்டாவதை மரியாதைக்குக் குடித்தது. மூன்றாவதுக்கு வேலிக்குப் பின்னால் ஒளிந்தது. நாய்கள் குடித்துவிட்டு நிழலில் சாய்ந்தன. பொன்னான் விசில் ஊத முயன்றார். காற்று வரவில்லை, ஏப்பம்தான் வந்தது. எல்லோரும் ஒருவழியாக மூச்சுவிட்டபோது, சாயங்காலப் பால் கறந்துகொண்டு வந்து வரிசையில் நின்றார்கள்.

அதைத் தயிருக்கு உறை ஊற்றினோம். மீதியை ஓடையில் கொட்டினோம். கொட்டிவிட்டு எல்லோரும் காலிக் கேன்களோடு நடந்தார்கள். ஒரு கிழவர் மட்டும் தண்ணீர் வெள்ளையாகப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு இருந்தது ஒரே எருமை.

மறுநாள் காலை பெண்கள் கேன்களைச் சொசைட்டியில் இறக்கவே இல்லை. தலையில் சும்மாட்டை வைத்து, நேரே பாலத்தை நோக்கி நடந்தார்கள். நான் ஓடிப்போய்த் தலைவரிடம் சொன்னேன். அவர் வேப்பங்குச்சியோடு வந்து மூங்கிலுக்கு முன்னால் நின்றார். பொன்னான் விசிலை வாயில் வைத்தார். முதல் ஆளாக வந்தவள், கை தூக்குவது எப்போது என்று கேட்டாளே, அவள்தான்.

"ஏனுங்க தலைவரே, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க. கேனு கனக்குது."

அவ்வளவுதான் சொன்னாள். அதட்டவில்லை. தலைவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஒதுங்கி நின்றார். பொன்னான் விசிலை மடியில் செருகிக்கொண்டு, ஒரு கேனை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

"நீயுமாடா?" என்றார் தலைவர்.

"எப்படியும் சோறுண்ணப் போகோணுமுங்களே" என்றார் பொன்னான்.

கடைசி ஆளும் போனபின், "நோட்டம் பார்த்துட்டு வரலாம் வா" என்று தலைவர் என்னையும் கூட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டினார். அங்கே அவரைக் கண்டதும் யாரும் முறைக்கவில்லை. பெஞ்சைத் துடைத்துப் போட்டார்கள். சீட்டாடும் பழைய கூட்டாளி, "எங்கீங்க ஆளையே காணோம்?" என்று ஏதோ வெளியூர் போய்விட்டு வந்தவரைக் கேட்பதுபோல் கேட்டார். மாராத்தாள் டீ கொண்டுவந்தார். அண்ணனுக்குச் சர்க்கரை தூக்கலாகப் போட்டிருந்தார். ஒலிபெருக்கியைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. தலைவர் முகம் இருண்டுகொண்டே வந்தது.

"நாங்க உங்களுக்கு என்னங்கண்ணா பண்ணினோம்?" என்றார் மாராத்தாள், பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு.

"ஒண்ணும் பண்ணல."

"பொறகு?"

"நீங்க பாட்டுக்குக் கை தூக்கறீங்க. என்ற சனம் அதைப் பாக்குது."

"பார்த்தா என்ன? நீங்க நின்னா உங்களுக்குத்தானே தூக்கப்போறாங்க."

"அது உனக்கெப்படித் தெரியும்?"

"தெரியாதுங்கண்ணா. அதுக்குத்தானே தூக்கச் சொல்றது."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். குடிக்கவில்லை. திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில் நின்றுவிட்டார். எனக்கு முன்னால் நின்றதால் முகம் தெரியவில்லை.

"பி.ஏ., எனக்கு நம்ம சனத்துகிட்ட நெம்பப் பிரியம். அதுகளுக்கும் என்கிட்ட பிரியம்னுதான் நெனச்சுட்டு இருக்கறேன். கை தூக்கச் சொன்னா எத்தனை கைன்னு தெரிஞ்சு போயிருமல்ல? தெரிஞ்சதுக்கப்பறம் நெனச்சுட்டு இருக்க முடியாதே."

அரசியல் படித்தவன் நான். எந்தப் பாடத்திலும் இது வந்ததில்லை. ஓர் ஊரோ ஒரு நாடோ இந்த ஒரு பயத்தை மறைக்க எத்தனை மூங்கிலைக் கட்ட வேண்டியிருக்கிறது என்று மட்டும் அப்போது தோன்றியது.

அந்த வாரக் கடைசியில் அவரே கூட்டம் போட்டார். யாரும் வற்புறுத்தவில்லை. வண்டி சரியாகி வந்துவிட்டது, சனம் மறுபடி எங்கள் சொசைட்டியில்தான் பால் ஊற்றியது; விட்டிருந்தால் அப்படியே போயிருக்கும். ஆனால் அவருக்கு முடியவில்லை. பூவரச மரத்தடியில் எல்லோரையும் உட்கார வைத்து, ஒலிபெருக்கி இல்லாமல், "நான் தலைவரா இருக்கோணும்னு நெனைக்கறவங்க கை தூக்குங்க" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

கைகள் எழுந்தன. முன்வரிசை, நடுவரிசை, பின்னால் நின்றிருந்தவர்கள். எருமைக் கிழவர் இரண்டு கையையும் தூக்கினார். ஒன்றை இறக்கச் சொன்னேன். கேன் கனக்கிறது என்று சொன்னவள் கைக்குழந்தையின் கையையும் சேர்த்துத் தூக்கினாள். எனக்கே கண் கலங்கிவிட்டது.

"கண்ணைத் தொறங்க தலைவரே. எல்லாருந்தான்" என்றேன்.

அவர் மெல்லத் திறந்தார். கைகளைப் பார்த்தார். சந்தோஷத்தில் ஏதோ சொல்ல வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். அவர் பார்வை போன பக்கம் நானும் பார்த்தேன்.

மரத்தின் வேரில் அக்கா உட்கார்ந்திருந்தார். மாடுகள் அவர் பேரில் இருந்ததால் அவரும் மெம்பர். இரண்டு கையும் மடியில் இருந்தன.

மாலையெல்லாம் போட்டார்கள். பட்டாசுகூட ஒன்று வெடித்தது. அவர் யாரையும் கவனிக்கவில்லை. என்னைச் சாப்பிடக் கூப்பிட்டு வீட்டுக்கு அழைத்துப்போனார். தனியாகப் போகப் பயம் என்று நினைக்கிறேன். அக்கா எங்களுக்கு முன்பே வந்து இலை போட்டிருந்தார். மாலையைக் கழற்றாமலே உட்கார்ந்தார் தலைவர்.

"ஊரே தூக்குச்சு. நீ ஏன் தூக்கல?"

அக்கா ரசத்தை ஊற்றினார். "இத்தனை வருசத்துல என்கிட்ட யாரும் எதுவும் கேக்கலீங்க. இன்னிக்குக் கேட்டீங்க. சொல்லிப்போட்டேன்."

தலைவர் சோற்றைப் பிசைந்தார். மறுபடி பிசைந்தார். கோபப்படுவார் என்று நான் இலையை மடிக்கத் தயாராக இருந்தேன். அவர் நிமிர்ந்து, எனக்குப் பழக்கமில்லாத ஒரு குரலில், மெதுவாகக் கேட்டார்.

"அப்படி என்ன கொறை? சொல்லு."

அக்கா ரசச் சட்டியைக் கீழே வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். மணையை இழுத்துப் போட்டு, வசதியாகக் காலை மடக்கி உட்கார்ந்தார்.

நான் மோருக்குக் காத்திராமல் எழுந்து கை கழுவிக்கொண்டேன். அது சீக்கிரம் முடிகிற மாதிரித் தெரியவில்லை.